சுவரிற் சேனையும் பலகையிற் சேனையும்: மாத்தளை மாவட்டத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

போரைச் சிறிதாக்கிப் பார்க்கும் விருப்பம் மனித குலத்துக்குப் பழையது. மரத்தாலும் களிமண்ணாலும் ஈயத்தாலும் வீரர்களைச் செய்து, அவர்களுக்கு வண்ணந்தீட்டி, மேசைமீது அணிவகுத்து, வகுத்த விதிகளுக்கமைய மோதவிடும் ஆட்டம் மேனாடுகளிற் பெரியதொரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இதில் ஈடுபடுவோர் இருவகைத் தொழிலைச் செய்கின்றனர். விரலளவு உருவத்துக்கு நுண்ணிய தூரிகையால் வண்ணமிடுதல் ஒன்று. நண்பரோடு எதிரெதிரே அமர்ந்து போர் நடத்துதல் மற்றொன்று. அவ்வுருவங்களுட் பல, வரலாற்றில் வாழ்ந்த படைவீரரைக் குறிப்பனவல்ல; விஞ்ஞானப் புனைகதை படைத்த வருங்கால உலகங்களின் வீரரையும், வேற்றுக் கோள்களின் உயிரினங்களையும், இயந்திரப் பூதங்களையும் குறிப்பன.

இம்மரபை முற்றிலும் அந்நியமானது எனக் கருதுவது எளிது. ஆனால் இலங்கையின் நடுப்பகுதியில் அமைந்த மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குமிடத்து, இவ்விரு தொழில்களும் அங்கு நெடுங்காலம் நிலவியமை புலனாகும். அங்கு, இல்லாத உலகத்துச் சேனைகளுக்கு வண்ணந்தீட்டியவர்கள் இருந்தனர். கோட்டையும் வீரரும் கொண்ட பலகை ஆட்டங்களை ஆடியவர்களும் இருந்தனர். ஆயினும் ஓவியரின் சேனை குகைச் சுவரைவிட்டு இறங்கவில்லை. ஆட்டக்காரரின் சேனை கூழாங்கல்லாகவும் விதையாகவுமே நின்றுவிட்டது. இவ்விரு சேனைகளையும் ஒருங்கே நோக்கி, பகைவனைச் சுவர் எவ்வாறு காட்டுகிறது, பலகை எவ்வாறு நடத்துகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பண்டைத் தமிழ்ச் சான்றுகளை நோக்குதல் பொருத்தமானது. தொல்காப்பியப் புறத்திணையியல் போரை வெறும் கொலைத் தொழிலாகக் காட்டவில்லை. ஆநிரை கவர்தல், மண்ணாசையால் படையெடுத்தல், மதில் முற்றுதல், களத்திற் பொருதல் என அதனைப் படிநிலைகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரை இடுகிறது. மூவேந்தரின் படைகளை வேறுபடுத்தி அறிதற்குப் பனம்பூ, வேப்பம்பூ, ஆத்திப்பூ ஆகியன அடையாளமாயின. படைக்கு ஒரு வண்ணம், போருக்கு ஒரு முறை என்னும் சிந்தனை இங்கே தெளிவாக உண்டு. இன்றைய மேசைப் போராட்டக்காரன் தன் படையணிக்கு நீலமும் எதிரணிக்குச் சிவப்பும் தீட்டுவதற்கும் வேந்தன் தன் மறவர்க்குப் பூச்சூட்டியதற்கும் அடிப்படைத் தேவை ஒன்றேயாகும். தன்னவன் யார், மாற்றான் யார் என்பது தொலைவிலிருந்தே தெரியவேண்டும்.

சங்க காலத்தில் ‘வல்’ என்னும் பலகையாட்டம் வழங்கியமைக்கும் சான்றுண்டு. புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் காட்டும் காட்சி ஈண்டு நினைவுகூரத்தக்கது. நரைத்த முதியோர் ஊர்ப் பொதுவிடத்திலிருந்து வல்லாடியபோது, ‘நாய்’ எனப்படும் காய்களை இட்டிட்டு அவ்விடம் குழிந்து போயிற்று. பாண்டியனின் படைக்கு அஞ்சி ஊர் பாழ்பட்ட பின், அக்குழிகளிற் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. இக்காட்சியில் அடங்கிய கருத்து ஆழமானது. ஆட்டம் நடைபெறுவதற்கு ஊர் வேண்டும், முதியோர் வேண்டும், அவர்களுக்கு ஓய்வு வேண்டும். உண்மைப் போர் வந்த இடத்தில் விளையாட்டுப் போர் முதலில் மறைகிறது. இவ்வுண்மை மாத்தளையின் பிற்கால வரலாற்றுக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

உலக அரங்கில் இவ்வாட்டத்தின் வளர்ச்சி இந்தியாவிலிருந்தே தொடங்குகிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் குறிப்பதே சதுரங்கம் என்னும் சொல். ஏழாம் நூற்றாண்டிற் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதத்திற் சதுரங்கம் பற்றிய குறிப்பு உண்டு. பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ எனப் பெயர் பெற்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த இவ்வாட்டத்தில் நிலமோ வானிலையோ இல்லை. கட்டங்கள் யாவும் ஒருபடித்தானவை. காய்களின் ஆற்றல் மாறாதது. இக்குறையை நீக்க முயன்றவர் ஜெர்மனியின் பிரவுண்ஸ்விக் நகரத்துக் கணித ஆசிரியரான ஹெல்விக் ஆவார். 1780ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆட்டத்திற் கட்டங்கள் நிறத்தால் வேறுபட்டு மலை, சதுப்பு, நீர் முதலிய நிலவகைகளைக் குறித்தன.

அதன்பின் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் இவ்வாட்டத்தை முற்றாக மாற்றியமைத்தனர். தந்தை 1812இல் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு ஒரு மேசையைச் செய்தளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான மகன் 1824இல் அதனை நிலப்படத்தின்மீது ஆடும் ஆட்டமாக்கினார். படத்தின் அளவு 1:8000; ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிட காலத்தைக் குறித்தது; சேதத்தைத் தாயக்கட்டை தீர்மானித்தது; இரு தரப்பினரும் அறியாதவற்றை அறிந்த நடுவர் ஒருவர் இருந்தார். படைத் தலைமையதிகாரி மியூப்ளிங், இது விளையாட்டன்று, போர்க்கல்வியேயாகும் எனக் கருதிப் படையினர்க்கு விதந்துரைத்தார். தாயத்தின் இடம் இங்கே கவனிக்கற்பாலது. சதுரங்கம் அறிவை மட்டும் நம்பியது. ரைஸ்விட்ஸின் ஆட்டம் தற்செயலையும் போரின் ஓர் உறுப்பாக ஏற்றது.

இதனைப் படைமுகாமிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆவார். 1898இல் செவ்வாய்க் கோளத்தவரின் படையெடுப்பை நாவலாக எழுதிய அவரே, 1913இல் ‘சிறு போர்கள்’ என்று பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். உள்ளீடற்ற ஈயப் பொம்மை வீரர்களை 1893 முதல் பிரிட்டன் குடும்பத்தினரின் நிறுவனம் மலிவாக வார்த்து விற்றுவந்தது. அவ்வீரர்களைத் தரையில் நிறுத்தி, மரக்குண்டு எறியும் விளையாட்டுப் பீரங்கியாற் சுடுவதே வெல்ஸின் முறை. விஞ்ஞானப் புனைகதைக்கும் பொம்மைப் போருக்கும் தந்தையருள் ஒருவர் ஒரே மனிதராக அமைந்தமை தற்செயலன்று. உலகம் வேறுவிதமாக இருந்தால் என்னவாகும் என்ற வினாவே இரண்டுக்கும் வித்தாகும். பொம்மைப் போரைச் சிலமுறை ஆடிப்பார்த்தவன் உண்மைப் போர் எத்துணை அறிவற்றது என்பதை உணர்வான் என்ற கருத்தை வெல்ஸ் அந்நூலின் இறுதியில் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது.

இரண்டாம் உலகப்போரின் பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவ்வாட்டத்துக்கெனக் கழகங்களும் இதழ்களும் தோன்றின. டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய நூல் பலரை இதன்பால் ஈர்த்தது. 1974இல் அமெரிக்காவில் மாயாஜால உலகத்தைக் களமாகக் கொண்ட பாத்திர ஆட்டம் வெளிவந்தது. 1975இல் இலண்டனிற் தொடங்கிய கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் 1983இல் ‘வார்ஹாமர்’ என்ற ஆட்டத்தையும், 1987இல் நாற்பதாயிரம் ஆண்டுகள் கடந்த எதிர்காலத்தைச் சித்திரிக்கும் ‘வார்ஹாமர் 40,000’ என்ற ஆட்டத்தையும் வெளியிட்டது. ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் அளவினதான அவ்வுருவங்கள் முன்னர் ஈயக் கலவையாலும் பின்னர்ப் பெரும்பாலும் பிளாஸ்ரிக்காலும் ஆயின. அவை வண்ணமிடப்படாமலேயே விற்கப்படுவதால், படையை வாங்கியவன் ஓவியனாகவும் வேண்டியதாயிற்று. ஒரு மாலைப்பொழுதில் ஆடி முடியும் போருக்காகப் பல மாதங்கள் வண்ணமிடும் வழக்கம் இவ்வாறு உருவாயிற்று.

இனி மாத்தளைக்கு வருவோம். தம்புள்ளைக் குகைவிகாரையின் ஐந்து குகைகளிலும் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பிற் சுவரோவியங்கள் உள்ளன. 1991இல் அது உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பகுதி கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தது. 1747 தொடக்கம் 1782 வரை ஆண்ட அம்மன்னன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன் என்பது குறிப்பிடத்தக்கது. மகாராஜ விகாரை எனப்படும் இரண்டாம் குகையில் இரு பெரும் போர்கள் தீட்டப்பட்டுள்ளன. ஒன்று, புத்தர் ஞானம் பெறும் இரவில் மாரன் தன் பூதப்படையோடு வந்து தாக்கும் போர். மற்றையது, துட்டகைமுனுவுக்கும் எல்லாள மன்னனுக்கும் இடையே நிகழ்ந்த போர்.

மாரனின் படையை வரைந்தவன் கண்டறிந்த எதனையும் பார்த்து வரையவில்லை. விலங்கு முகமும் மனித உடலும் கொண்டவை, பல்லும் கண்ணும் பிதுங்கியவை எனக் கற்பனையின் எல்லைவரை சென்று ஒவ்வோர் உருவத்தையும் வேறுபடுத்தியுள்ளான். கண்டிக்கால மாரயுத்த ஓவியங்கள் சிலவற்றிற் பூதங்கள் துப்பாக்கி ஏந்தி நிற்பதையும் காணலாம். தன் காலத்தின் புதிய படைக்கலத்தை இல்லாத உலகத்துப் படைக்கு ஓவியன் வழங்கிவிட்டான். வருங்காலத்து வீரனின் கையில் இக்காலத்துப் பொறியைத் திரித்துக் கொடுக்கும் இன்றைய விஞ்ஞானப் புனைகதைச் சிற்பியும் அதனையே செய்கிறான். ஆகவே ‘இல்லாத சேனைக்கு வண்ணமிடுதல்’ என்ற தொழில் மாத்தளைக்குப் புதியதன்று எனலாம்.

அவ்வோவியரின் செய்ம்முறையும் ஆராயத்தக்கது. மாத்தளை மாவட்டத்து நீலகமவைச் சேர்ந்த சித்திரகாரர் பரம்பரை தம்புள்ளை ஓவியங்களோடு நெருங்கிய தொடர்புடையது. கலாநிதி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல் இத்தகைய கைவினைஞரிடமிருந்து நேரிற் கேட்டறிந்த செய்திகளாலாயது. தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த ஒருவரே சிங்களக் கைவினைஞரின் அறிவை முதன்முதலிற் பேரளவிற் பதிவு செய்தவர் என்பது மகிழ்ச்சிக்குரியது. வெண்களிமண்ணாற் பூசிய தளத்தின்மேல் உருவத்தைக் கோடிட்டு, பின்புலத்தைச் சிவப்பால் நிரப்பி, உடலுக்கும் உடைக்கும் தட்டையாக வண்ணம் இட்டு, ஈற்றிற் கருங்கோட்டால் எல்லை வகுப்பது அவர்களது முறை. சிவப்புக்குச் சாதிலிங்கமும், மஞ்சளுக்குக் கொகட்டு மரத்துப் பிசினும், நீலத்துக்கு அவுரியும், கருமைக்கு விளக்குக்கரியும் பயன்பட்டன. நுண்கோட்டுக்கு ஒருவகைப் புல்லின் இழையாலும் விலங்கு மயிராலும் தூரிகை கட்டினர்.

இன்று சிற்றுருவங்களுக்கு வண்ணமிடுவோன் முதலில் ஒரே நிறத்தால் அடித்தளம் பூசுகிறான். பின் பரப்புகளுக்கு நிறமிடுகிறான். பின் நீர்த்த கருநிறத்தை ஓடவிட்டு மடிப்புகளை ஆழமாக்குகிறான். இறுதியில் விளிம்புகளில் ஒளிக்கோடு இடுகிறான். இரு முறைகளுக்கும் அடிப்படை ஒன்று, பயன் வேறு. பொம்மை முப்பரிமாணமானது, அதன் நிழலை ஒளியே தரக்கூடும். ஆனால் அது மிகச் சிறியதாகையால் இயற்கை நிழல் கண்ணுக்குத் தெரியாது. எனவே நிழலை வண்ணத்தால் மிகைப்படுத்துகின்றனர். கண்டி ஓவியன் நிழலையே நாடவில்லை. மங்கிய குகையில் விளக்கொளியிற் பார்ப்பவனுக்குக் கதை விளங்கவேண்டும் என்பதால் கோட்டையும் நிறமாறுபாட்டையும் நம்பினான். சிறு உருவத்தைத் தொலைவிலிருந்து படிக்கச் செய்வதே இருவரும் எதிர்கொண்ட சிக்கலாகும்.

உருவத்துக்கு வண்ணமிடும் பிறிதொரு மரபும் இம்மாவட்டத்துக்குரியது. மாத்தளையை அடுத்த ஹப்புவித என்னும் ஊர் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. அங்கு இருவகை வேலை நிகழும். கடைசற்பொறியில் மரத்தைச் சுழலவிட்டு, உராய்வின் வெப்பத்தால் உருகும் அரக்கைப் பூசுவது ஒருவகை. தணலில் இளக்கிய அரக்கை நூலாக இழுத்து, மரத்தின்மீது பதித்து, பெருவிரல் நகத்தாற் கிள்ளி அலங்காரம் அமைப்பது மற்றையது. இதனை நகவேலை என்பர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய நிறங்களில் வேற்பிடிகளும் கொடிக்கம்புகளும் ஊன்றுகோல்களும் சிமிழ்களும் அவ்வாறு அணிபெற்றன. ஈட்டிப்பிடியை அழகு செய்தவர்கள் ஈட்டி ஏந்திய வீரனைக் கடைந்து மேசைமீது நிறுத்துவதற்கு வேண்டிய திறன் முழுவதையும் உடையவர்களாயிருந்தனர். ஆயினும் அத்திறனைக் கேட்டவர்கள் அரசவையும் விகாரையுமேயன்றி ஆட்டக்காரர் அல்லர்.

ஆட்டக்காரர் என்ன ஆடினர்? இலங்கை நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்ற நூலிற் கிராமத்துப் பலகையாட்டங்களை விரிவாகப் பதிந்துள்ளார். அவற்றுள் இரண்டு போராட்டங்கள் என்று சொல்லத்தக்கவை. ‘கொட்டு எல்லிம’ என்பது கோட்டைகளைக் கைப்பற்றல் என்று பொருள்படும். நடுவே ஒரு சதுரமும் அதன் நாற்புறமும் நான்கு முக்கோணங்களும் கொண்ட 49 புள்ளிக் களத்தில் இருவரும் தலைக்கு 24 காய்களை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் வெறுமையாக விட்டு ஆடுவர். ‘பெரலி கொட்டும’ அதே களத்தில் 23 காய்களோடு ஆடப்படுவது. நடுவில் மூன்று புள்ளிகள் வெறுமையாயிருக்கும். ‘பெரலிய’ என்ற சிங்களச் சொல் கலகத்தையும் தலைகீழ் மாற்றத்தையும் குறிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் ‘பதினாறு வீரர்’ ஆட்டம் 37 புள்ளிகளில் நிகழ்வது. எதிரியின் காயைத் தாண்டிச் சென்று வெட்டுவதே இவை மூன்றுக்கும் பொதுவிதி.

இவ்வாட்டங்களுக்கு இனமோ மொழியோ வேலியாகவில்லை. சிங்களவரின் ‘ஒலிந்த கெலிய’ குன்றிமணியால் ஆடப்படுவது. தமிழரின் பல்லாங்குழியும் அதே இருவரிசைக் குழிகளைக் கொண்டது. சிங்களவரின் ‘திவியன் கெலிய’ சிறுத்தைக்கும் மாட்டுக்கும் இடையிலான போர். தமிழரின் ஆடுபுலியாட்டத்தில் மூன்று புலிகள் பதினைந்து ஆடுகளை எதிர்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த தொழிலாளர் எண்ணற்றோர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். தரையிற் கோடு கிழித்துக் கல்லை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு மூட்டை முடிச்சு வேண்டியதில்லை. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தபோது அந்நகரம் இருமொழி வழங்கும் வாணிப நகராகிவிட்டது.

போராட்டத்தின் விதிகளுட் சதுரங்கம் அறியாத ஒன்று, படையின் மனவுறுதி பற்றியதாகும். நவீன மேசைப் போராட்டங்களிற் படையணி பெருஞ்சேதம் அடைந்ததும் தாயம் உருட்டி, அது நிலைத்து நிற்குமா ஓடுமா எனத் தீர்மானிக்கின்றனர். இவ்விதியின் தேவையை விளக்க மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. கி.பி. 477 தொடக்கம் 495 வரை அங்கிருந்து ஆண்ட காசியப்பன், இந்தியாவிலிருந்து படையோடு மீண்ட தன் சகோதரன் முகலனை எதிர்த்துச் சென்றான். முன்னே சதுப்பு நிலம் இருக்கக் கண்டு வேறு வழியிற் செல்லத் தன் யானையைத் திருப்பினான். மன்னன் புறங்காட்டுகிறான் என எண்ணிய படை சிதறியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அரிந்து மாண்டான் எனச் சூளவம்சம் கூறுகிறது. வலிமையாலன்றிப் பிழையாகப் படிக்கப்பட்ட ஓர் அசைவால் ஓர் அரசு வீழ்ந்தது. நிலத்தின் இயல்பும் படையின் மனமும் இணையும் இடத்திற் போர் தீர்வதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அதே சீகிரியா விஞ்ஞானப் புனைகதையிலும் இடம்பெற்றுள்ளது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், ‘சுவர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்று பொருள்படும் தம் 1979ஆம் ஆண்டு நாவலில் இக்குன்றினை ‘யக்ககல’ என்ற பெயரில் அமைத்தார். காசியப்பனைத் தழுவிய பண்டைய மன்னனின் கதையும், பூமியிலிருந்து விண்ணுக்கு எழும் மின்தூக்கியை அமைக்கும் பொறியியலாளனின் கதையும் அதில் இணைந்து செல்கின்றன. 1980இல் ஹியூகோ விருது பெற்ற அந்நூல், வருங்காலத்தைக் கற்பனை செய்வதற்கு வெற்றிடம் வேண்டியதில்லை, பழைய கல்லே போதும் என்பதற்குச் சான்று.

எனினும் மாத்தளையின் வரலாறு விளையாட்டுக்கு எளிதில் அடங்குவதன்று. டொரிங்டன் பிரபுவின் ஆட்சி துப்பாக்கிக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்சும், நாய்க்கு ஒரு ஷில்லிங்கும் வரி விதித்து, வீதியமைப்பில் ஆறு நாள் உழைப்பை அல்லது அதற்கீடாக மூன்று ஷில்லிங்கைக் கோரியபோது மக்கள் கிளர்ந்தனர். 1848 யூலை 26இல் தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். துட்டகைமுனுவின் போர் தீட்டப்பட்ட அதே இடத்திலிருந்து எழுந்த கூட்டம் மாத்தளையை நோக்கிச் சென்றது. சில நாட்களில் இராணுவத்தால் முறியடிக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். படைச்சட்டத்தின் கீழ் நிகழ்ந்த கொடுமைகள் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை பேசப்பட்டு, டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

1983 யூலை வன்செயலில் மாத்தளை நகரத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரியூட்டப்பட்டன. அடுத்து வந்த 1987–1989 காலத்துக் கிளர்ச்சியிலும் அதனை ஒடுக்கியதிலும் இம்மாவட்டத்துச் சிங்கள இளைஞர் பலர் காணாமற்போயினர். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கு மேற்பட்டோரின் எலும்பு எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றின் காலம் பற்றிய கருத்து வேறுபாடு தீரவில்லை. இத்தகைய மண்ணில் வாழ்வோர் போரை விளையாடுவது தகுமா என்ற வினா இயல்பாகவே எழும்.

இவ்வினாவுக்கு விடையாகச் சுவரையும் பலகையையும் மீண்டும் ஒப்பிடல் வேண்டும். சுவரிலுள்ள போர் முடிந்த போர். எல்லாளன் எத்தனை முறை பார்த்தாலும் யானையிலிருந்து வீழ்வான். மாரன் எப்போதும் தோற்பான். பார்ப்பவன் எப்பக்கம் நிற்கவேண்டும் என்பதை ஓவியன் முன்னரே தீர்மானித்துவிட்டான். பலகையிலுள்ள போரோ தொடங்காத போர். இருபக்கத்துக்கும் 23 காய்கள். இருவருக்கும் ஒரே விதி. ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி ஆடலாம். ஆடுபுலியாட்டத்தில் இன்று புலியாயிருந்தவன் நாளை ஆடாயிருந்து பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே இருப்பவன் இல்லாவிடின் ஆட்டமே இல்லை. பகைவனை அழிப்பது உண்மைப் போரின் இலக்கு. எதிராளி மறுநாளும் வரவேண்டும் என்பது விளையாட்டுப் போரின் அடிப்படை.

இதற்கு மறுப்பும் கூறலாம். ரைஸ்விட்ஸின் ஆட்டம் பிரஷ்யப் படையைத் திறமையாகக் கொல்லப் பயிற்றியது. வெல்ஸின் நூல் 1914ஐத் தடுக்கவில்லை. எனவே ஆட்டம் தன்னளவில் மனிதனைச் செம்மைப்படுத்தும் என்று கொள்ளுதல் பொருந்தாது. பலகையிற் காயாக நிற்பவர்களுக்குத் தாயில்லை, வயலில்லை. போரின் மிகப்பெரிய பகுதி அங்கே கணக்கில் வருவதில்லை. சிற்றுருவங்களுக்கு வண்ணமிடும் வழக்கம் இக்குறையைச் சிறிதளவு ஈடுசெய்கிறது எனலாம். ஒரு வீரனின் கண்ணுக்கும் கச்சைக்கும் பல மணிநேரம் செலவிட்டவன் அவனை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பது அரிது. மாரனின் பூதங்களுள் ஒவ்வொன்றுக்கும் தனிமுகம் கொடுத்த தம்புள்ளை ஓவியனும் அறிந்தோ அறியாமலோ இதனையே செய்தான்.

மகாவம்சம் வெற்றி பெற்றவனின் பக்கத்தில் நின்று எழுதப்பட்ட நூலேயாயினும், எல்லாளனின் நீதியை மறைக்கவில்லை. அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் வாத்தியங்களை நிறுத்தவேண்டுமெனத் துட்டகைமுனு ஆணையிட்டதையும் கூறுகிறது. எதிராளிக்கு மதிப்பளிக்கும் இவ்விதி பலகைக்குரிய விதியேயன்றிச் சுவருக்குரியதன்று. மாத்தளையில் ஓவியரின் தூரிகையும், அரக்கு வினைஞரின் நகமும், கிராமத்தாரின் கூழாங்கற்களும் தனித்தனியே நின்றன. அவை ஒன்றுசேர்ந்து ஒரு மேசைமீது வருவதற்கு வேண்டிய கைத்திறன் அங்கு என்றும் குறைந்ததில்லை. இரு மொழியினரும் அச்சமின்றி எதிரெதிரே அமரும் ஓய்வான மாலைப்பொழுதுகளே குறைந்தன. ஊர் வாழ்ந்தாலன்றி வல்லாட்டம் வாழாது என்பதைப் புறநானூற்றுப் புலவர் அன்றே கண்டுணர்ந்தார்.